கதவைச் சாத்திவிட்டு அழுதவள்

எங்கள் வீட்டில் இது 2000-ஆம் ஆண்டிலேயே முடிவாகிவிட்ட விஷயம். நான் மீனாட்சி, அக்கா சௌம்யா. 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' பார்த்துவிட்டு மன்னார்குடியில் தியேட்டரிலிருந்து நடந்து வரும்போதே அத்தை மகள் எங்கள் இருவருக்கும் அந்தப் பெயர்களைச் சூட்டிவிட்டாள். யாரும் மறுக்கவில்லை. நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். பாரதியார் கவிதைகளை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, பாட்டு கிளாஸில் கற்றதை மொட்டை மாடியில் உரக்கப் பாடிக்கொண்டு திரிந்த பெண். அக்காவுக்கு 24 வயது. ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். சம்பளக் கவரைப் பிரிக்காமல் அம்மாவிடம் கொடுப்பாள். வீட்டில் யாருக்கு எப்போது மாத்திரை, எந்தக் கடைக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். ஐஸ்வர்யா ராயும் தபுவும் எங்களைப் பார்த்துத்தான் நடித்திருக்கிறார்கள் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. டிவியில் எப்போது போட்டாலும், எந்த இடத்திலிருந்து வந்தாலும், உட்கார்ந்துவிடுவேன். செட்டிநாட்டு வீட்டின் நீண்ட தாழ்வாரம், ரஹ்மானின் பாட்டுகள், சுஜாதாவின் வசனத்தில் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்ளும் அக்கா தங்கைகள், ஒரு காலை இழந்துவிட்டு இறுகிப்போன குரலில் பேசும் மம்முட்டி. தான் காதலித்த ஸ்ரீகாந்த் மந்திரி மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறான் என்று தெரிந்து மழையில் நடந்து பாதாளச் சாக்கடைக் குழியில் மீனாட்சி விழுகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் அழுதிருக்கிறேன். அக்காவும் கூட உட்கார்ந்து பார்ப்பாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. பாதியில் எழுந்து இட்லிக்கு ஊற வைக்கப் போவாள்.

அதே கோடையில்தான் அக்காவுக்கு ஒரு திருச்சி வரன் கூடி வந்து, முடிகிற நேரத்தில் நின்றுபோனது. பையன் இரண்டு முறை வந்து பேசியிருந்தான். எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. நிச்சயத்துக்கு என்ன கலர் சேலை கட்டுவது என்பது வரை நான் யோசித்து வைத்திருந்தேன். ஒரு நாள் அம்மா, "உங்கக்காவே வேண்டாம்னு சொல்லிட்டா" என்றாள். அக்காவிடம் கேட்டதற்கு, "பிடிக்கலடி" என்று ஒரே வார்த்தை. எனக்கு அவள் மேல் கோபம்தான் வந்தது. இப்படி ஒருத்தரை வேண்டாம் என்று சொல்ல இவளுக்கு எப்படி மனசு வந்தது, இவளுக்குக் காதல் என்றால் என்னவென்றே தெரியாது என்று நினைத்தேன். பகலெல்லாம் அவள் எப்போதும்போலத்தான் இருந்தாள். ராத்திரி பத்து மணிக்கு மேல் கிணற்றடியில் துணி துவைக்கிற பழக்கம் மட்டும் அப்போது புதிதாக வந்திருந்தது. வெயில் தாழட்டும் என்று சொல்லுவாள். இரண்டு வருடம் கழித்து வேறு இடத்தில் கல்யாணமாகி, இப்போது திருவாரூரில் நன்றாக இருக்கிறாள்.

படத்தின் மூலம் ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' என்பது எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் 20 வருடத்துக்கும் மேலாகப் பக்கத்தில் போகவில்லை. பழைய இங்கிலீஷ் என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய பயம், என் மீனாட்சியை அந்த வெள்ளைக்காரப் பெண் இல்லாமல் ஆக்கிவிடுவாளோ என்பது. போன வருடம் ஆபீஸ் போகும் ரயிலில்தான் கைப்பேசியில் தொடங்கினேன். பதிப்புரிமை எப்போதோ முடிந்த நூல், காசு கொடுக்காமலே கிடைக்கும். மொத்தம் 50 அத்தியாயம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஒரு மாதத்துக்குள் முடித்தேன். முடித்தபின்தான் தொந்தரவு ஆரம்பித்தது.

மூவாயிரம் பவுண்டு

முதல் அதிர்ச்சி வயது. நாவல் தொடங்கும்போது அக்கா எலினாருக்கு 19, தங்கை மரியானுக்கு 16. தபுவின் முகத்தை மனதில் வைத்துக்கொண்டு போன எனக்கு, குடும்பத்தையே தாங்குகிற அந்த நிதானமான பெண் பத்தொன்பது வயதுக் குழந்தை என்பதை ஏற்றுக்கொள்ளச் சில அத்தியாயங்கள் பிடித்தன. அம்மா மரியானைப் போலவே உணர்ச்சிவசப்படுகிறவள். வீட்டு வாடகை கட்டுப்படியாகுமா என்று யோசிக்கிற ஒரே ஆள் அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்தான்.

இரண்டாவது, பணம். படத்தில் தாத்தா ஏதோ சொல்ல வந்து, சொல்ல முடியாமலே இறந்துபோவார். பெட்டியை உடைத்தால் உயில் இருக்கும். சொத்தெல்லாம் இளைய மகனுக்கு. மருமகள் வீட்டுக்குள் வந்ததும் முகம் மாறும், பேச்சு மாறும். அந்தக் காட்சிகள் எனக்கு மனப்பாடம். நாவலில் இதே இடத்தை ஆஸ்டின் ஒரு புருஷன் பெண்டாட்டி பேச்சாக, இரண்டாம் அத்தியாயம் முழுக்க எழுதியிருக்கிறாள். அப்பா சாகும்போது, இரண்டாம் தாரத்தையும் மூன்று பெண்களையும் பார்த்துக்கொள் என்று மூத்த தாரத்து மகன் ஜானிடம் வாக்கு வாங்கிக்கொண்டு போகிறார். தங்கைகளுக்குத் தலைக்கு ஆயிரமாக மூவாயிரம் பவுண்டு கொடுக்கலாம் என்று ஜான் மனதார நினைக்கிறான். மனைவி ஃபேனி பேச ஆரம்பிக்கிறாள். நம் குழந்தைக்குச் சேர வேண்டிய பணம் அல்லவா என்கிறாள். ஆயிரம் ஐந்நூறாகிறது. அதற்குப் பதில் சித்தி உயிரோடு இருக்கும்வரை வருடம் நூறு கொடுத்தால் என்ன என்கிறான் அவன். வருடாவருடம் பணம் வரும் என்றால் மனிதர்கள் சாகவே மாட்டார்கள் என்கிறாள் அவள். சரி, எப்போதாவது ஐம்பது. அதுவும் போய், வீடு பார்த்துக் கொடுப்பது, சாமான் ஏற்றிவிடுவது, பருவத்தில் மீனும் வேட்டைக்கறியும் அனுப்பிவைப்பது என்று வந்து நிற்கிறது. நான்கு பெண்களுக்கும் சேர்த்து வருடத்துக்கு 500 பவுண்டு வருமானம் வருகிறதே, அவர்களுக்கு என்ன செலவு, அவர்கள்தான் நமக்கு ஏதாவது கொடுக்க முடியும் என்று ஃபேனி முடிக்கிறாள். ஒருவர்கூடக் குரலை உயர்த்துவதில்லை. அந்தப் பேச்சை நான் தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் நடுவில் படித்தேன். எங்கள் சித்தப்பா வீட்டுக் கூடத்தில் பாகப்பிரிவினையன்று கேட்ட பேச்சு அது. மீனுக்குப் பதில் வருடம் இரண்டு மூட்டை நெல் என்றார்கள்.

இதை எழுதியவளுக்கும் இது வெளியே நின்று பார்த்த விஷயமில்லை. 1805-இல் அப்பா இறந்தபின் ஆஸ்டினும் அம்மாவும் அக்காவும் அண்ணன் தம்பிகள் கொடுப்பதை நம்பித்தான் வாழ்ந்தார்கள். 1809-இல் ஒரு அண்ணன் சாட்டன் என்ற ஊரில் குடியிருக்க வீடு கொடுத்த பிறகுதான் நிலைகொண்டு எழுத முடிந்தது. 19 வயதில் கடித வடிவில் எழுதத் தொடங்கிய கதை, 1811-இல் 'ஒரு பெண்மணி எழுதியது' என்று மட்டும் போட்டு, பெயரில்லாமல் புத்தகமானது. அப்போது அவளுக்கு வயது 35. கதையில் மரியான், கிழவன் என்று ஒதுக்குகிற கர்னல் பிராண்டனுக்கும் அதே 35 வயதுதான்.

படம் ஜெயித்த இடம்

பிராண்டன் விஷயத்தில் நான் படத்தின் பக்கம்தான். மரியான் அவரைக் கல்யாணம் செய்துகொள்வதைக் கடைசி அத்தியாயத்தில் ஆஸ்டின் ஓரிரு பத்தியில் முடித்துவிடுகிறாள். வீட்டில் எல்லோரும் விரும்புகிறார்கள், அவர் நல்லவர், அவளும் சம்மதிக்கிறாள், காலப்போக்கில் அவள் மனசு முழுக்க அவரிடம் போய்விடுகிறது. காலப்போக்கில் என்ற அந்த வார்த்தையை என்னால் விழுங்க முடியவில்லை. அத்தனை ஆசையோடு இருந்த பெண்ணின் மனசு எப்படித் திரும்பியது என்று நான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டாமா? ராஜீவ் மேனன் அதைக் காட்டினார். இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் காலை இழந்த பாலா, தன் மேலேயே வெறுப்போடு குடித்துக்கொண்டிருக்கும் பாலா, மீனாட்சியின் பாட்டுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருவதைப் பார்க்கிறோம். அவள் அவரிடம் வருவதும் நமக்குப் புரிகிறது. பாரதியைச் சொல்லி மனதைப் பிடித்தவன் போய்விட, பாரதியைச் சொல்லாதவர் நின்றார் என்பதை ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. நாவலில் வில்லபி பணத்துக்காக மரியானைக் கைவிட்டவன் மட்டுமில்லை. பிராண்டனின் பொறுப்பில் இருந்த ஒரு சின்னப் பெண்ணைக் கர்ப்பமாக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனவன். படத்தில் ஸ்ரீகாந்திடம் அந்தக் கறை இல்லை. அவன் கம்பெனி மூழ்கியது, பயந்துவிட்டான், அவ்வளவுதான். மாற்றியது சரி என்றே நினைக்கிறேன். கெட்டவனை இழப்பது எளிது. கோழையை மறப்பதுதான் கஷ்டம்.

லூசி

என்னைத் தூங்கவிடாமல் செய்தது படத்தில் இல்லாத ஒருத்தி. பெயர் லூசி ஸ்டீல்.

சௌம்யாவின் துக்கம் ஊருக்கே தெரிந்த துக்கம். நிச்சயித்த மாப்பிள்ளை இறந்துபோனதால் ராசியில்லாதவள் என்று பெயர் வாங்கியவள். தெருவில் போகிறவர்களுக்கும் தெரியும், நமக்கும் முதலிலேயே தெரியும். அதனால் அவள் பேசாமல் இருக்கும்போதெல்லாம் நாம் அவளுக்காக வருத்தப்படத் தயாராக இருக்கிறோம். எலினாருக்கு அப்படி ஒரு பெயரும் இல்லை. ஃபேனியின் தம்பி எட்வர்டை அவளுக்குப் பிடித்திருக்கிறது, அவனுக்கும் அவளைப் பிடித்திருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள். 22-ஆம் அத்தியாயத்தில், அதிகம் பழக்கமில்லாத லூசி ஒரு நடையின்போது எலினாரிடம் ரகசியம் சொல்கிறாள். எட்வர்டுக்கும் தனக்கும் நான்கு வருடத்துக்கு முன்பே யாருக்கும் தெரியாமல் நிச்சயமாகிவிட்டது என்கிறாள். அவனுடைய சின்ன ஓவியத்தை எடுத்துக் காட்டுகிறாள், கடிதத்தைக் காட்டுகிறாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று வாக்கும் வாங்கிக்கொள்கிறாள். எலினாரின் மனசு தெரிந்தேதான் சொல்கிறாள்.

எலினார் வாக்கைக் காப்பாற்றுகிறாள். அம்மாவிடம்கூடச் சொல்வதில்லை. ஒரே அறையில் தூங்குகிற தங்கையிடமும் சொல்வதில்லை. இதே சமயத்தில்தான் லண்டனில் வில்லபி மரியானை யாரோபோல் பார்த்துவிட்டு நகர்கிறான், அவளுடைய கடிதங்களைத் திருப்பி அனுப்புகிறான். மரியான் சாப்பிடாமல், தூங்காமல், அடக்கமாட்டாமல் அழுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து தலையைப் பிடித்துவிடுகிறவள் எலினார். அப்போது மரியான் அவளைப் பார்த்துச் சொல்கிறாள், நீ சந்தோஷமாக இருக்கிறாய், நான் படுவது உனக்கு எங்கே புரியப்போகிறது என்று. அந்த வரியில் எனக்கு முதல் உதைப்பு. நானும் இதை வார்த்தை மாறாமல் சொல்லியிருக்கிறேன். கல்லூரி இரண்டாம் வருடத்தில் என் சொந்த ஸ்ரீகாந்த் என்னைவிட்டுப் போனபோது, அக்காவின் மடியில் படுத்துக்கொண்டு, "உனக்கெல்லாம் இது புரியாதுக்கா" என்றேன். அவள் என் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள்.

37-ஆம் அத்தியாயத்தில் லூசியின் ரகசியம் வெளியே வந்துவிடுகிறது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்று எலினார் தங்கையிடம் சொல்கிறாள். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று மரியான் கேட்கிறாள். நான்கு மாதம் என்கிறாள் எலினார். மரியானால் நம்ப முடியவில்லை. நீ இவ்வளவு அமைதியாக இருந்தாயே, அப்படியானால் உனக்கு அவ்வளவாக வலிக்கவில்லை போலிருக்கிறது என்கிற பொருளில் ஒன்று சொல்கிறாள். அந்த இடத்தில்தான் எலினார் நாவலிலேயே முதல்முறையாக நீளமாகப் பேசுகிறாள். நான்கு மாதமாக இது என் நெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்தது, ஒரு உயிரிடம்கூடச் சொல்ல முடியவில்லை, எட்வர்டை அடைந்துவிட்ட பெருமையை அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள், எனக்கு அக்கறையே இல்லாததுபோல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன், உனக்குத் தெரியும் அல்லவா, இதெல்லாம் நீ உன் துக்கத்தில் இருந்தபோதே நடந்தது என்கிறாள். நான் கிண்டியில் இறங்கவில்லை. சைதாப்பேட்டையும் போனது. மாம்பலத்தில் இறங்கி பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

2000-ஆம் வருடக் கோடையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். "பிடிக்கலடி." அந்த வருடம் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது, ஹாஸ்டல் பணம் கட்டினார்கள், புது சூட்கேஸ் வாங்கினார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதே இல்லை. இந்த இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. அன்று பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் இப்படி ஒரு கேள்வி இருக்கலாம் என்பதே எனக்குத் தோன்றியது.

இன்னொரு அக்கா

அதற்குப் பிறகு ஆஸ்டினின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். அவளுக்கு ஒரே ஒரு அக்கா, கசாண்ட்ரா. அவளுக்கு நிச்சயமான டாம் ஃபௌல் என்ற இளம் பாதிரியார், ராணுவப் படையோடு மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய், 1797-இல் மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். சேதி வரவே பல வாரங்கள் ஆயின. கசாண்ட்ரா அதன் பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. சாதாரண மனசால் முடியாத உறுதியோடு அக்கா அதைத் தாங்கிக்கொள்கிறாள் என்று ஜேன் சொன்னதாக, உறவுக்காரப் பெண் ஒருத்தி கடிதத்தில் எழுதியிருக்கிறாள். அதே 1797-இல்தான், கடிதங்களாக எழுதிவைத்திருந்த எலினார் மரியான் கதையை ஜேன் மறுபடி எடுத்து, இப்போதைய வடிவில் எழுத ஆரம்பித்தாள். எலினார்தான் கசாண்ட்ரா என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த வருடம் அந்த வீட்டில் ஒரு தங்கை, தாங்கிக்கொள்கிற அக்காவைப் பார்த்துக்கொண்டே எழுதியிருக்கிறாள். நான் என் அக்காவைப் பார்க்கவே இல்லை.

தங்கை இறந்து பல வருடம் கழித்து, கசாண்ட்ரா அவளுடைய கடிதங்களில் பெரும்பகுதியை எரித்துவிட்டாள். ஆராய்ச்சியாளர்களுக்கு அதில் தீராத வருத்தம். எனக்கு அந்த அக்காமேல் கோபம் வரவில்லை.

போனில் சொன்ன கதை

அக்காவிடம் நேராகக் கேட்க தைரியம் வரவில்லை. "நம்ம படத்தோட நாவலப் படிச்சேன்க்கா" என்று மட்டும் சொன்னேன். "எனக்கு அந்த இங்கிலீஷெல்லாம் ஓடாதுடி, நீயே கதையச் சொல்லு" என்றாள். ராத்திரி சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடித்தபின் அவள் கூப்பிடுவாள். நாலைந்து அத்தியாயமாக, எங்கள் பேச்சுத் தமிழில், பன்னிரண்டு நாள் சொன்னேன். மீனும் வேட்டைக்கறியும் என்று முடிந்த இடத்தில் அவள் உடனே சித்தப்பா பெயரைச் சொன்னாள். லூசி ரகசியம் சொன்னதற்கு, "தெரிஞ்சேதான் சொல்லியிருக்கா. யாருகிட்ட சொன்னா வெளிய போகாதுன்னு பாத்து சொல்லியிருக்கா" என்றாள். வில்லபியைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. மரியானின் அழுகையை நான் விவரித்தபோது "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள்.

நான்கு மாதம் என்கிற இடத்தை எவ்வளவு சரியாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சரியாகச் சொன்னேன். எலினார் பேசியது அத்தனையும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அதுக்குத் தங்கச்சி என்ன பண்ணா?" என்று கேட்டாள்.

"ரொம்ப அழுதாக்கா. நான் எவ்வளவு மோசமா நடந்துக்கிட்டேன்னு சொல்லிச் சொல்லி அழுதா."

"அப்ப அவளையும் அக்காதான் தேத்தியிருப்பா."

நாவலில் அப்படித்தான் இருக்கிறது. தன் துக்கத்தைச் சொன்ன அன்றும் மற்றவர்களைத் தேற்றுகிற வேலை எலினாருக்குத்தான் வந்தது என்று ஆஸ்டின் எழுதியிருக்கிறாள். அதை நான் அக்காவிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அழக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அன்றைக்குப் போனை வைத்தேன்.

கடைசி நாள், 48-ஆம் அத்தியாயம் சொன்னேன். படத்தில் சௌம்யாவைக் காதலித்த மனோகர் வந்து நிற்க, அவன் முன்னாலேயே தபு உடைந்து அழுவாள். அத்தனை வருடமாக எனக்குத் தெரிந்த சௌம்யா அந்த அழுகைதான். நாவலில் எட்வர்ட் வருகிறான். லூசி அவனை விட்டுவிட்டு அவன் தம்பியைக் கட்டிக்கொண்டாள், அவனுக்கு விடுதலை என்பது பேச்சில் தெரிகிறது. எலினாரால் உட்கார முடியவில்லை. கிட்டத்தட்ட ஓடிப்போய் அறையை விட்டு வெளியேறி, கதவு மூடியபிறகுதான் அழுகிறாள். நிற்கவே நிற்காது என்று அவளுக்கே தோன்றுகிற அழுகை. அம்மா, தங்கை, எட்வர்ட் எல்லோரும் அந்தப் பக்கம். வாசிக்கிற நம்மை மட்டும் ஆஸ்டின் இந்தப் பக்கம் நிற்க வைத்திருக்கிறாள்.

"கதவச் சாத்திட்டுத்தான் அழுதாளா?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"அது சரி. ரூம் இருந்திருக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "நம்ம வீட்ல சாத்திக்கிறதுக்கு ரூம் எங்கடி இருந்துச்சு. கிணத்தடிதான்."

நான் ஒன்றும் பேசவில்லை. ராட்டினத்துக்கு எண்ணெய் போடச் சொல்லி அப்பா அந்தக் கோடை முழுக்க அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். ராத்திரி பத்து மணிக்கு மேல் அது கிரீச்சிடும் சத்தத்தில் தூக்கம் கெடுகிறது என்று நானும் கத்தியிருக்கிறேன். எண்ணெய் வாங்கி வருகிறேன் என்று ஒவ்வொரு முறையும் அக்காதான் சொல்லுவாள். கடைசிவரை வாங்கவில்லை.